பூட்டிய கம்ப்யூட்டருக்குள் பாஸ்வேர்ட் கேட்காத வழி

என் சித்தப்பா ஆடிட்டர். வாடிக்கையாளர்களின் கணக்கு முழுவதும் அவருடைய லேப்டாப்பில்தான். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் லேப்டாப்பை மூடி, மண்டபத்து அறையில் வைத்துவிட்டுப் பந்திக்குக் கிளம்பினார். "ஷட் டவுன் செய்தீங்களா சித்தப்பா?" என்று கேட்டேன். "எதுக்குப்பா? பாஸ்வேர்ட் இருக்கு. ஹார்ட் டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணிக் கொடுத்ததே நீதானே!" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் பாஸ்வேர்ட் கேட்காத ஒரு வழி கம்ப்யூட்டருக்குள் உண்டு. அது என்ன, அதை எப்படி அடைக்கிறார்கள் என்று பார்ப்போமா?

டி.எம்.ஏ. என்றால் என்ன?

நீங்கள் ஒரு வீடியோவைத் திறக்கிறீர்கள். அது டிஸ்க்கிலிருந்து ராம் மெமரிக்கு வர வேண்டும். ஒவ்வொரு பைட்டையும் பிராசசரே சுமந்து கொண்டிருந்தால் அதற்கு வேறு வேலை பார்க்க நேரமே இருக்காது. எனவே, சாதனமே நேராக ராமில் எழுதிவிட்டு, "வேலை முடிந்தது" என்று பிராசசருக்குத் தகவல் மட்டும் கொடுக்கும். இதுதான் டைரக்ட் மெமரி ஆக்சஸ், சுருக்கமாக டி.எம்.ஏ. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யிலேயே இதற்கென்று 8237 என்ற சிப் இருந்தது. இன்று கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, எஸ்.எஸ்.டி. எல்லாம் தாங்களே இதைச் செய்துகொள்கின்றன.

இதில் என்ன ஆபத்து?

கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து வைக்கிறீர்கள். அவர் சமையலறைக்குத்தான் போக வேண்டும். ஆனால் அதே சாவி பீரோவையும் திறக்குமானால்?

ஒரு புரோகிராம் இன்னொன்றின் மெமரியை எட்டிப் பார்க்காதபடி, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் காவல் காக்கிறது. ஆனால் அந்தக் காவல் பிராசசர் வழியாக வருபவர்களுக்குத்தான். டி.எம்.ஏ. வழியாக வரும் சாதனம் அந்தக் காவலைத் தாண்டியே வராது. அதனால் ராமில் எந்த இடத்தையும் படிக்கலாம், மாற்றி எழுதலாம். டிஸ்க்கின் என்கிரிப்ஷன் சாவியும், கம்ப்யூட்டர் ஓடும்போதும் ஸ்லீப்பில் இருக்கும்போதும், பொதுவாக ராமில்தான் இருக்கிறது!

2004-ல் மேக்ஸிமிலியன் டோர்ன்சைஃப் என்ற ஆய்வாளர், ஃபயர்வயர் கேபிளில் இணைத்த ஐபாட் ஒன்றை வைத்தே இன்னொரு கம்ப்யூட்டரின் மெமரியைப் படித்துக் காட்டினார். 2011-ல் வந்த தண்டர்போல்ட், கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பையே பெட்டிக்கு வெளியே கொண்டு வந்துவிட்டது.

பென் டிரைவும் இப்படிச் செய்யுமா என்று பயப்பட வேண்டாம். சாதாரண யு.எஸ்.பி.யில் ராமில் எழுதுவது உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கன்ட்ரோலர்தான். எந்த இடத்தில் எழுதுவது என்று பென் டிரைவ் சொல்ல முடியாது. (வைரஸ் என்பது வேறு கதை!)

காவலாளி வந்தார்

இந்த வழியில் நிற்கும் காவலாளிதான் ஐ.ஓ.எம்.எம்.யு. என்ற ஹார்ட்வேர் பகுதி. இன்டெல் இதை வி.டி.-டி என்றும், ஏ.எம்.டி. நிறுவனம் ஏ.எம்.டி.-வி.ஐ. என்றும் அழைக்கின்றன. எந்தச் சாதனம் மெமரியில் எந்தப் பகுதிக்குப் போகலாம் என்று கெர்னல் ஒரு அட்டவணை எழுதிக் கொடுக்கிறது. சாதனம் ஒரு முகவரியைக் கேட்டால் ஐ.ஓ.எம்.எம்.யு. அட்டவணையைப் பார்க்கும். இருந்தால் அனுமதி, இல்லாவிட்டால் மறுப்பு. வேலை முடிந்ததும் கெர்னல் அந்த அனுமதியை நீக்கிவிடும்.

ஆப்பிள் மேக்கில் இது 2012-லேயே வந்துவிட்டது. விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பில், 2018-ல், கெர்னல் டி.எம்.ஏ. புரொடெக்‌ஷன் என்ற பெயரில் வந்தது. தண்டர்போல்ட் சாதனங்களுக்கான இந்தப் பாதுகாப்பு லினக்ஸ் 5.0-ல், 2019-ல் சேர்ந்தது.

முழுப் பாதுகாப்பா?

இல்லை. 2019-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும் தண்டர்கிளாப் என்ற பெயரில் இதன் ஓட்டைகளைக் காட்டினார்கள். உதாரணமாக, அட்டவணையில் மிகச் சிறிய அளவே 4 கே.பி. கொண்ட ஒரு பக்கம். சாதனத்துக்கு 1 கே.பி. போதும் என்றாலும், அதே பக்கத்தில் இருக்கும் வேறு தகவலும் அதன் கண்ணில் படும்.

2020-ல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் ரைட்டன்பர்க், தண்டர்ஸ்பை என்ற தாக்குதலை வெளியிட்டார். லேப்டாப்பின் அடி மூடியைக் கழற்றி, தண்டர்போல்ட் சிப்பின் ஃபர்ம்வேரை மாற்றி, பூட்டிய கம்ப்யூட்டரைச் சில நிமிடங்களில் திறந்து காட்டினார். கெர்னல் டி.எம்.ஏ. புரொடெக்‌ஷன் இல்லாத கம்ப்யூட்டர்கள்தான் இதில் முழுமையாக மாட்டின.

நீங்கள் செய்ய வேண்டியது

1. விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்திடுங்கள். சிஸ்டம் சம்மரி பட்டியலில் கெர்னல் டி.எம்.ஏ. புரொடெக்‌ஷன் என்ற வரிக்கு எதிரே ஆன் என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

2. ஆஃப் என்று இருந்தால், பயாஸ் செட்டப்பில் வி.டி.-டி அல்லது ஐ.ஓ.எம்.எம்.யு. என்ற வசதி அணைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பழைய கம்ப்யூட்டர் என்றால் இந்த வசதியே இல்லாமலும் இருக்கலாம்.

3. யு.எஸ்.பி. சி போர்ட் அருகே மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட். அதில் முன்பின் தெரியாதவர் தரும் டாக், அடாப்டர் எதையும் செருகாதீர்கள்.

4. லேப்டாப்பை விட்டுவிட்டு வெளியே போகிறீர்களா? ஸ்லீப்பில் போடாமல் ஷட் டவுன் செய்திடுங்கள். மின்சாரம் நின்றால் ராமும் காலி, அதிலிருந்த சாவியும் காலி.

சித்தப்பாவின் லேப்டாப்பில் ஆஃப் என்றுதான் இருந்தது. நான்கு வருடப் பழைய பயாஸில் அந்த வசதி அணைந்து கிடந்தது. இரண்டு நிமிடத்தில் ஆன் செய்து கொடுத்தேன். ஆனாலும் இப்போது அவர் எங்கே கிளம்பினாலும் முதலில் ஷட் டவுன், அப்புறம்தான் பந்தி!