தெய்வத்தைக் கூண்டில் ஏற்றலாமா?

1928-இல் 'வியர்ட் டேல்ஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் எச்.பி. லவ்கிராஃப்ட் எழுதிய கதையில், கதுல்ஹு என்ற பூதாகாரமான தெய்வம் கடலடி நகரத்திலிருந்து எழுந்து வந்து மாலுமிகளைக் கொல்கிறது. அதற்கு மனிதர்மேல் கோபமும் இல்லை, கருணையும் இல்லை. நாம் இருப்பதே அதற்கு ஒரு பொருட்டில்லை. அதைப் பாவி என்று ஏசுவதும் ஆழிப்பேரலையை ஏசுவதும் ஒன்றுதான். இதைக் காட்டி மிகுபுனைவு வாசகர்களில் ஒரு சாரார் பொதுவிதியே வகுத்துவிடுகிறார்கள்: தெய்வம் மனிதப் பிறவி அல்ல, ஆகவே மனித அறத்தால் அதை எடைபோடுவது நியாயமாகாது. கதுல்ஹுவுக்கு இது பொருந்தும். ஆனால் இக்கதைகளில் வரும் பல தெய்வங்கள் வணங்கச் சொல்கின்றன, விதி வகுக்கின்றன, மீறினால் தண்டிக்கின்றன. நம்மைக் குற்றவாளி என்னும் தெய்வம் தன் செயலுக்கும் கணக்குச் சொல்லத்தான் வேண்டும்.

மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் 1984-இல் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' நாவல்களில் இந்த வழக்கு அப்பட்டமாகவே இருக்கிறது. கிரின் என்ற உலகில் இஸ்டார் நகரை ஆண்ட பூசாரி மன்னன், தீமையை வேரறுக்கும் வெறியில் தெய்வங்களுக்கே ஆணையிடத் துணிகிறான். அவை எரியும் மலை போன்றதொரு பாறையை வானிலிருந்து வீசுகின்றன. இஸ்டார் கடலில் மூழ்குகிறது. செருக்கு மன்னனுடையது, செத்தவர்களில் அடிமைகளும் கைக்குழந்தைகளும் உண்டு. பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தெய்வங்களிடமிருந்து பேச்சுமூச்சில்லை. மனிதர்கள்தாம் எங்களைக் கைவிட்டார்கள் என்பது அவற்றின் வாதம். பேரழிவுக்கு நூறாண்டு கழித்துப் பிறந்த பிள்ளை யாரைக் கைவிட்டதாம்?

தெய்வங்கள் முன்கூட்டியே எச்சரித்தனவே என்பார்கள். எச்சரிக்கையின் பொருளை மறைத்தவர்கள் ஆள்பவர்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு அது எப்படிப் போய்ச்சேரும்? தெய்வத்தின் அறிவு பெரிது, அதன் கணக்கு நமக்குப் பிடிபடாது என்ற வாதம் இன்னும் வலுவானது. முழு விவரமும் தெரியாதவர்கள் அவசரப்பட்டுத் தீர்ப்பெழுதக் கூடாது என்ற அளவுக்கு அதை ஏற்கலாம். அதற்குமேல் அது செல்லாது. ஏனென்றால் இந்தக் கதையுலகம் பிறந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு, சாதாரணப் பாத்திரங்களை அளக்கும் அதே நல்லது, தீயது என்ற கோலால்தான் தெய்வங்களையும் அளக்கிறது. நல்ல தெய்வங்களின் தலைவரான பாலடைனுக்கு 'நல்லவர்' முத்திரை. அந்தச் சொல்லுக்கு அவர் விஷயத்தில் வேறு அர்த்தம் என்றால், பக்தர்கள் எதைக் கும்பிடுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பழிக்க உரிமையில்லை என்றால் புகழவும் உரிமையில்லை. வேடிக்கை என்னவென்றால், தீய தெய்வமான டகிசிஸைக் கெட்டவள் என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. அவளும் மனிதப் பிறவி அல்லவே!

ஊரையே அழிக்கும்போது நல்லவரைத் தனியே பிரிக்க முடியாது என்று கடைசியாக ஒரு சமாதானம் சொல்லலாம். அதற்கு அந்த எழுத்தாளர்களே 1986-இல் வந்த 'டைம் ஆஃப் தி ட்வின்ஸ்' நாவலில் பதில் வைத்திருக்கிறார்கள். பாறை விழும் முன்பே, உண்மையான பூசாரிகளைத் தெய்வங்கள் தேடி எடுத்துக் கிரினிலிருந்து பத்திரமாக அழைத்துக்கொண்டன. குழந்தைகளை இஸ்டாரிலேயே விட்டுவிட்டன.