உயரமான காரும் ஈர்ப்பு மையமும்

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய 911 கார் தாழ்வான விரைவுக் கார். இன்றும் அதன் உயரம் ஏறத்தாழ 1.3 மீட்டர்தான். அதே நிறுவனம் 2002-இல் கேயென் என்னும் எஸ்.யு.வி. வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. இதன் உயரம் சுமார் 1.7 மீட்டர். தாழ்ந்த காரிலிருந்து இத்தகைய வண்டிக்கு மாறுவோர், ஏறி இறங்குவது எளிது, இடம் தாராளம், சாலை நன்றாகத் தெரிகிறது என்பர். இவை உண்மையே. ஆனால் உயரம் வேறு இரண்டையும் மாற்றிவிடுகிறது.

முதலாவது வேக உணர்வு. ரயிலில் செல்லும்போது அருகிலுள்ள கம்பங்கள் பறப்பதையும் தொலைவிலுள்ள மரங்கள் மெல்ல நகர்வதையும் கண்டிருப்பீர்கள். கண்ணுக்கும் பொருளுக்கும் உள்ள தொலைவு கூடினால் அதன் கோண வேகம் குறைகிறது. சாலைப் பரப்புக்கும் இதுவே விதி. தாழ்ந்த காரில் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.1 மீட்டர், உயர்ந்ததில் 1.5 மீட்டர் எனக் கொள்வோம். உயர்ந்த வண்டி மணிக்கு 80 கி.மீ. செல்லும்போது, அதன் அடியில் சாலை நழுவும் கோண வேகம், தாழ்ந்த கார் 59 கி.மீ. வேகத்தில் செல்லும்போது காணப்படுவதே! ஆகவே புதிய வண்டி மெதுவாகப் போவதுபோல் தோன்றும்.

இரண்டாவது, கவிழும் தன்மை. ஒரு தீப்பெட்டியைப் பரீட்சை அட்டையின் மீது படுக்கவைத்து, அட்டையை மெல்லச் சாயுங்கள். பெட்டி வழுக்கி இறங்கும். பிறகு அதையே, அகன்ற பக்கம் சரிவை நோக்குமாறு நெட்டுக்குத்தாக நிறுத்திச் சாய்த்தால் வழுக்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடும். (மாணவர்களிடம் சூத்திரத்தை எழுதுவதற்கு முன் இதைச் செய்து காட்டிவிடுவது என் வழக்கம்.)

வளைவில் திரும்பும் வண்டியின் நிலையும் இதுதான். டயரின் உராய்வு தரையில் உள்நோக்கிச் செயல்படுகிறது. வண்டியின் நிலைமமோ ஈர்ப்பு மையத்தில் வெளிநோக்கித் தள்ளுகிறது. இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து வரும் எண்ணே கவிழ்வதற்கான எல்லை. சக்கர இடைவெளி 1.5 மீட்டர், மைய உயரம் 0.5 மீட்டர் எனில் 1.5, இடைவெளி 1.6, உயரம் 0.7 எனில் 1.14. உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் குணகம் பொதுவாக 0.8 அல்லது 0.9. எனவே சமதளச் சாலையில் இரண்டுமே கவிழ்வதற்கு முன் வழுக்கும்.

அப்படியானால் அச்சமில்லையா? வழுக்கும் வண்டியின் சக்கரம் ஓரக்கல்லில் முட்டினாலோ, சாலையோர மண்ணில் புதைந்தாலோ உராய்வுக் கணக்கு அங்கே செல்லாது. தடுக்கி விழுபவனைப் போல வண்டி புரளும். 2,000 கிலோ வண்டியின் கூரையில், தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில் 100 கிலோ மூட்டைகளை ஏற்றினாலே 1.14 என்பது 1.06 ஆகிவிடும். திடீரென இடமும் வலமும் ஒடிக்கும்போது வில்சுருள்கள் அமுங்கி வண்டி சாய்வதால் எல்லை மேலும் சுருங்கும்.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை இந்த எண்ணை அடிப்படையாகக் கொண்டு, 2001-ஆம் ஆண்டு மாடல்கள் முதல் வண்டிகளுக்கு நட்சத்திரத் தரம் வழங்கி வருகிறது. வழுக்கத் தொடங்கும் கணத்தில் கணிப்பொறி ஒரு சக்கரத்தை மட்டும் தனியே பிரேக் பிடித்து வண்டியை நேர்ப்படுத்தும் அமைப்பும் அந்நாட்டில் 2012 மாடல்களிலிருந்து கார்களுக்கும் எஸ்.யு.வி.க்களுக்கும் கட்டாயம். வழுக்கலே நிகழாவிடில் ஓரக்கல்லில் தடுக்குவதும் இல்லை அல்லவா? ஆயினும் டயரின் பிடிப்பை அது கூட்டுவதில்லை.