மரத்தடியில் ஒரு குவளை பீர்!

ஜெர்மனி நாட்டின் தென்பகுதிக்குப் பவேரியா என்று பெயர். அதன் தலைநகரம் மியூனிக். பீருக்குப் பேர் போன ஊர்.

"இங்கே நல்ல பீர் எங்கே கிடைக்கும்?" என்று அந்த ஊர்க்காரரைக் கேட்டால், கடையைக் காட்டுவதற்கு முன்னால் மரத்தைக் காட்டுவார்!

பீர் என்றதும் இல்லத்தரசிகள் முகம் சுளிக்க வேண்டாம். இருட்டு அறையும், அழுக்கு பெஞ்சும் அல்ல இது. பாட்டி, பேரன், பேத்தி எல்லோரும் கூடையில் பலகாரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற தோட்டம். அதன் பெயரே "பீர் தோட்டம்"தான். பெரியவர்களுக்குப் பீர். குழந்தைகளுக்கு எலுமிச்சை சோடா.

நிழல் வந்த கதை

தோட்டத்துக்கும் பீருக்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் காலத்தில் ஐஸ் பெட்டி கிடையாது. பவேரியாவின் பீர், குளிரில் மெதுவாகப் புளிக்க வேண்டிய ரகம். வெயில் காலத்தில் காய்ச்சினால் கெட்டுவிடும். அடுப்பு நெருப்பால் ஊரே தீப்பிடிக்கும் அபாயமும் இருந்தது. ஆகவே 1539-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பீர் காய்ச்சலாம்.

அப்படியானால் கோடையில் தாகத்துக்கு என்ன செய்வது?

மார்ச் மாதத்திலேயே நிறையக் காய்ச்சிப் பீப்பாய்களில் அடைத்தார்கள். இஸார் ஆற்றங்கரை மேட்டில் ஆழமாக நிலவறை தோண்டினார்கள். குளிர்காலத்தில் வெட்டி எடுத்த ஐஸ் கட்டிகளைப் போட்டு, பீப்பாய்களை அதற்குள் வைத்தார்கள். நிலவறையின் தலையில் வெயில் விழக்கூடாதே! மேலே சரளைக்கல் பரப்பி, செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். அகன்ற இலை, அடர்ந்த நிழல். வேரோ ஆழமாகப் போகாது. நிலவறைக் கூரையைத் துளைக்காது. கெட்டிக்காரர்கள்தான்!

கீழே குளிர்ந்த பீர். மேலே குளிர்ந்த நிழல். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? அங்கேயே பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

ராஜாவின் உத்தரவு

ஊருக்குள் கடை வைத்திருந்தவர்களுக்கு வயிற்றெரிச்சல். "எங்கள் வியாபாரம் படுத்துவிட்டது" என்று முறையிட்டார்கள்.

1812 ஜனவரி 4-ந் தேதி மன்னர் மாக்ஸ் ஜோசப் ஓர் உத்தரவு போட்டார். நிலவறைக்காரர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கேயே பீர் விற்கலாம், ரொட்டியும் கொடுக்கலாம். வேறு எந்தச் சாப்பாடும் விற்கக்கூடாது!

ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டிலிருந்தே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அந்தத் தடை எப்போதோ போய்விட்டது. ஆனால் கட்டுச்சோற்று வழக்கம் போகவில்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, சுருள் சுருளாகச் சீவி உப்புத் தடவிய முள்ளங்கி... எது வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். குடிக்கிறதை மட்டும் அங்கே வாங்க வேண்டும். துணி விரித்த மேஜைகள், ஓட்டல் பரிமாறும் மேஜைகள். அங்கே மூட்டையை அவிழ்க்கக்கூடாது. வெறும் பலகை மேஜை என்றால் தாராளமாக உட்காரலாம். முன்பின் தெரியாதவர் பக்கத்தில் வந்து அமர்வார். தொழிலாளியாக இருப்பார், வக்கீலாகவும் இருப்பார். அதுதான் அந்த இடத்தின் அழகு.

எங்கே போகலாம்?

பெரிய தோட்டம் ஹிர்ஷ்கார்ட்டன். "மான் தோட்டம்" என்று பொருள். சுமார் 8,000 பேர் உட்காரலாம்! பக்கத்தில் வேலிக்குள் மான்கள் உலாவும். அலமாரியில் இருக்கும் குவளையை நாமே எடுத்து, நாமே அலசி, வரிசையில் நின்று பீர் வாங்க வேண்டும். பெரிய மனிதருக்கும் இதே சட்டம்தான். குவளை சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு "மாஸ்" என்றால் ஒரு லிட்டர்! கை வலிக்கும். பழக்கமில்லாதவர்கள் பாதி பீரும் பாதி எலுமிச்சை சோடாவும் கலந்த "ராட்லர்" கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

ஆங்கிலப் பூங்காவில் சீனக் கோபுரம் ஒன்று இருக்கிறது. சுமார் 80 அடி உயரம், முழுக்க மரம். 1790-ல் கட்டி முடித்தது, 1944-ல் போரில் எரிந்து சாம்பலானது. 1952-ல் அப்படியே திரும்பக் கட்டினார்கள். கோபுரத்தில் பேண்டு வாத்தியம் முழங்கும். குழந்தைகளுக்குப் பக்கத்திலேயே பழைய மரக்குதிரை ராட்டினம்.

ரயில் நிலையத்துக்கு அருகில் அகஸ்டினர் நிலவறைத் தோட்டம். பீரை மரப் பீப்பாயிலிருந்து திறந்து ஊற்றுகிறார்கள். ருசிக்காகவே போகிறவர்களுக்கு நாம் முதலில் சொல்வது இதைத்தான்.

உலகமே அறிந்த ஹோப்பிராய்ஹவுஸ், தோட்டத்தைவிட மண்டபத்தால் பெயர் பெற்றது. 1589-ல் அரண்மனைக்குப் பீர் காய்ச்சுவதற்காக நிறுவப்பட்டது. 1828-ல் பொது ஜனங்களுக்குத் திறந்தது. வாடிக்கைக்காரர்கள் தங்கள் சொந்தக் குவளைகளை அங்கேயே கம்பிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறார்கள்! பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் வெளியூர்க் கூட்டமும் இரைச்சலும் அதிகம்.

ஊருக்கு வெளியே என்றால் ஆண்டெக்ஸ் மடாலயம். ரயிலில் ஹெர்ஷிங் வரை போய், காட்டு வழியே ஒரு மணி நேரம் மலையேற வேண்டும். துறவிகளின் மடத்தில் காய்ச்சிய பீர் அங்கே கிடைக்கும். நடந்த களைப்புக்கு அது அமிர்தம் என்கிறார்கள் போய் வந்தவர்கள்.

9.30 மணிக்குப் பூட்டு!

இத்தனை சுகத்துக்கும் 1995-ல் ஆபத்து வந்தது.

நகரை ஒட்டி வால்ட்விர்ட்ஷாப்ட் என்று ஒரு தோட்டம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், "சத்தம் தாங்கவில்லை. தூக்கம் போகிறது" என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. இரவு 9.30-க்கு மூட வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது.

ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறையவே 9 மணிக்கு மேல் ஆகும். வேலை முடிந்து, வீட்டுக்குப் போய், பிள்ளைகளையும் கூடையையும் எடுத்துக்கொண்டு வந்து உட்காருவதற்குள் மணி அடித்துவிட்டால்? பணக்காரருக்குச் சொந்தத் தோட்டம் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு இந்த மரத்தடிதானே தோட்டம்!

1995 மே 12-ந் தேதி 20,000 பேருக்கு மேல் தெருவில் திரண்டார்கள். "பீர் தோட்டப் புரட்சி" என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பவேரியா சர்க்கார் இறங்கி வந்தது. தோட்டங்களுக்கென்று தனி விதி போட்டது. மத்திய நிர்வாக நீதிமன்றம் 1999 ஜனவரியில் அதை ரத்து செய்தது. சர்க்கார் விடவில்லை. ஏப்ரல் மாதமே புது விதி வந்தது. மரங்கள் இருக்க வேண்டும். கட்டுச்சோறு அனுமதிக்க வேண்டும். அப்போதுதான் அது பீர் தோட்டம் என்று அந்த விதியிலேயே விளக்கினார்கள்.

இரவு 10 மணிக்குப் பாட்டு நிற்கும். 10.30-க்குப் பீர் நிற்கும். 11 மணிக்குள் வண்டிச் சத்தமும் அடங்கிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தூங்க வேண்டும் அல்லவா?