விழித்திரையின் அமைப்பும் செயலும்: ஒளிதூண்டு மருத்துவத்திற்குப் பின்

நோய் நீங்குதல் வேறு. உறுப்பின் செயல் மீளுதல் வேறு. முறிந்த எலும்பு கூடிய பின்னும் விரல் மடங்காதிருத்தல் உண்டு. கையில் எளிதிற் புலப்படும் இவ்வேற்றுமை கண்ணில் அவ்வாறு புலப்படுவதில்லை. ஒளிதூண்டு மருத்துவம் பெற்ற கண்ணில் விழித்திரையின் செயலை எவ்வாறு அளந்தறிகின்றனர் என்பதையும், அவ்வளவை ஏன் இன்றியமையாதது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

விழித்திரையின் நடுவே மாகுலா எனப்படும் சிறு பகுதி உளது. எழுத்தைப் படித்தற்கும் முகத்தை அடையாளங் காண்டற்கும் துணைநிற்பது இதுவே. முதுமையில் சிலர்க்கு, விழித்திரையின் பின்னமைந்த கொராய்டு என்னும் படலத்திலிருந்து புதிய குருதிக்குழாய்கள் முளைத்துக் கசிந்து மாகுலாவைச் சிதைக்கின்றன. இதற்கென வெர்ட்டிபோர்பின் என்னும் மருந்து 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 6 மில்லிகிராம் வீதம் மருந்தைக் குருதிக்குழாய் வழியே 10 நிமிடம் செலுத்துவர். செலுத்தத் தொடங்கிய 15ஆம் நிமிடத்தில், 689 நானோமீட்டர் அலைநீளமுடைய சிவப்பொளியை நோயுற்ற இடத்தில் 83 நொடி பாய்ச்சுவர். இவ்வொளி தானே திசுவைச் சுடுவதில்லை. மருந்தைத் தூண்டுவதே அதன் பணி. தூண்டப்பெற்ற மருந்து வீறுமிக்க ஆக்சிசனைப் பிறப்பித்துக் குழாயின் உட்சுவரைத் தாக்க, ஆங்குக் குருதி உறைந்து குழாய் அடைபடுகின்றது.

2006ஆம் ஆண்டு முதல், கண்ணினுள் ஊசிவழிச் செலுத்தும் மருந்துகள் பெருகியமையின், முதுமையில் வரும் மாகுலா நோயில் இம்முறை பின்னிடம் பெற்றது. எனினும், மாகுலாவின் அடியில் நீர் தேங்கும் நோயிலும், கொராய்டின் நாளங்கள் முடிச்சுகள்போற் புடைக்கும் நோயிலும் இன்றும் ஆளப்படுகின்றது.

இம்மருந்து நோயுற்ற குழாய்களையே பெரிதும் நாடும். ஆயினும் அவற்றை மட்டும் நாடுவதன்று. அருகிலுள்ள நற்குழாய்களும் ஒருசிறிது அடைபடக்கூடும். அவற்றால் ஊட்டம் பெறுவன விழித்திரையின் கூம்பணுக்கள். சாயமேற்றி எடுக்கும் படம் கசிவு நின்றதைக் காட்டும். ஒளியலைகொண்டு எடுக்கும் குறுக்குவெட்டுப் படம் வீக்கம் வற்றியதைக் காட்டும். அணுக்கள் தொழில் செய்கின்றனவா என்பதை இவை நேரே கூறா.

அதனை அறிதற்குரிய வழிகள் சிலவே. எழுத்துப் பலகை நுண்பார்வையை அளப்பினும், பார்வைப் பரப்பின் குறைகளைக் காட்டாது. 1865ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஓல்ம்கிரேன், ஒளி பட்ட விழித்திரையில் மின்மாற்றம் எழுவதைக் கண்டார். அவ்வழி வந்த பொது மின்பதிவு, விழித்திரை முழுவதன் விடையையும் ஒருங்கே தொகுப்பது. ஆதலின் சிறிய மாகுலாவின் குறை அத்தொகையுள் மறைந்துவிடும். இக்குறையை நீக்கியது 1990களில் சட்டர் என்பார் வளர்த்த பல்குவிய மின்பதிவு. 61 அல்லது 103 அறுகோணக் கட்டங்கள் தத்தமக்குரிய ஒழுங்கில் ஒளிர்ந்து மாறுகின்றன. கணினி ஒவ்வொரு கட்டத்திற்குமுரிய விடையைப் பிரித்தெடுக்கின்றது. அலையின் உயரமும், அஃது எழ எடுக்கும் காலமும் இடந்தோறும் கிடைக்கின்றன. நோயாளி நடுப்புள்ளியை அசையாது நோக்காவிடின் இப்பதிவு பிழைபடும்.

இம்முறையால் அறியப்பட்டதொன்று கருதத்தக்கது. சிகிச்சைக்குப்பின் முதற்சில நாள்களில் மாகுலாவின் மின்விடை தாழ்ந்து, பின்னர்ச் சில வாரங்களில் மீள்வதுண்டு. மருந்தின் பயன்பாட்டுக் குறிப்பும், நூற்றுக்கு 1 முதல் 5 நோயாளர்க்கு 7 நாள்களுக்குள் பார்வை 4 வரிசையோ அதற்கு மேலோ குறையக்கூடும் எனவும், சிலர்க்கு அஃது ஓரளவு மீளும் எனவும் கூறுகின்றது. எனவே, ஒருமுறை மட்டும் அளத்தல் பயனின்று. சிகிச்சைக்கு முன் எடுத்த பதிவு இல்லையாயின், பின்னெடுத்தவற்றை எதனோடு ஒப்பிடுவது? நீர் தேங்கும் நோயில் மருந்தைப் பாதியாகக் குறைத்துத் தருவதும் நற்றிசுவைக் காத்தற் பொருட்டேயாம்.

இவ்விடத்துச் சொல்லாட்சியும் கருதற்பாலது. 'கண் ஆறிற்று' எனின் கேட்போர் 'பார்வை மீண்டது' எனக் கொள்வர். முன்னது அமைப்பைப் பற்றியது; பின்னது செயலைப் பற்றியது. மருத்துவத் தமிழ் எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரு சொல்லால் மயங்கக் கூறுவாராயின், கசிவு நின்றது கேட்டு மகிழ்ந்த முதியவர் தமக்கு எழுத்து ஏன் இன்னும் கோணித் தோன்றுகின்றது என வினவவும் தயங்குவர். அவ்வினாவை எழுப்புதற்கு இடந்தரும் சொற்களையே நாம் ஆளல் வேண்டும்.