உப்பளத்தில் வெடிக்கும் பாதமும் கிடைக்காத குடிநீரும்

தூத்துக்குடி மாவட்டத்தில் வேம்பார், தருவைக்குளம் தொடங்கி முத்தையாபுரம், ஆறுமுகநேரி வரை பரந்து கிடக்கும் உப்பளங்களில் வேலை செய்வோர், தோல் வறண்டு உள்ளங்கால் வெடித்து விரலிடுக்கில் புண் கண்டபின், மருந்துக்கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்கித் தடவிக்கொண்டு, மறுநாள் விடியுமுன் அதே பாத்தியில் இறங்குவது வழக்கமாகிவிட்டது. நிறைய தண்ணீர் குடித்தால் தோல் மினுமினுக்கும் என்ற அழகுக் குறிப்பு நகரத்து வீடுகளில் பரவிக்கிடக்க, குடிக்கத் தண்ணீரே இல்லாத இடத்தில் எட்டு மணி நேரம் நிற்பவரின் தோலைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

தோலின் மேற்புறத்தில் உயிரற்ற செல்கள் அடுக்கடுக்காகப் படிந்த மெல்லிய பகுதி கொம்புப் படலம் எனப்படுகிறது. செல்களுக்கு இடையே உள்ள கொழுப்பு, உடலின் ஈரம் வெளியேறாமல் தடுக்கிறது. போதிய அளவு நீர் அருந்துபவர் மேலும் மேலும் குடிப்பதால் இப்படலத்தில் பெரிய மாற்றம் நேர்வதில்லை. ஆனால் வியர்வையில் இழந்த நீரை ஈடுசெய்யாதவருக்குத் தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்து, தோலின் நெகிழ்வு கெட்டு, உடல் வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றலும் தளர்கிறது. உப்பளத்தில் இதனோடு வெளித்தாக்குதலும் சேர்ந்துகொள்கிறது. கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு இருக்க, உப்பு உறையும் பாத்தி நீரில் அது ஏறத்தாழ 7 மடங்கு செறிந்திருப்பதால், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் நகரும் சவ்வூடு பரவல் என்னும் இயல்பின்படி, தோலின் ஈரத்தை அது வெளியே இழுக்கிறது. உப்புப் பரல் கீறிய இடத்தில் கிருமி நுழைகிறது; நீரிழிவு உள்ளவர் சிலர் அப்புண்ணை உணர்வதுகூட இல்லை. ஆகவே குடிநீர், கழுவுவதற்கு நன்னீர், காலுக்கு ரப்பர் பூட்ஸ், வேலை முடிந்து கழுவித் துடைத்ததும் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் ஆகிய நான்கும் சேர்ந்தே மருந்தாகும். களிம்பு மட்டும் மருந்தாகாது.

வெயிலில் கடும் உழைப்பு உழைப்பவர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குவளை, அதாவது ஏறத்தாழ 240 மில்லிலிட்டர், பருக வேண்டும். நெடுநேரம் வியர்த்தவர் ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு–சர்க்கரைக் கரைசலை அருந்தலாம். ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தை முழு ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைத்துக் குடிப்பது தீங்கு. இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்டே இதைத் தொட வேண்டும்.

இவ்வளவு அறிவுரையும் பெண் தொழிலாளியிடம் பயனற்றுப் போவதற்குக் காரணம் அளத்தில் கழிப்பறை இல்லாமைதான். சிறுநீரை அடக்க நேரும் என்றே அவர் தண்ணீரைத் தவிர்க்கிறார். தமிழகத்தின் 7 உப்பளங்களில் 352 பேரிடம் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் 2017 முதல் 2020 வரை நடத்திய ஆய்வு, ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பதையும், சிலரிடம் சிறுநீரகத் திறன் குறைந்திருப்பதையும் காட்டியது. தோலின் வறட்சி கண்ணுக்குத் தெரிகிறது. சிறுநீரகத்தின் கேடு தெரிவதில்லை. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகுமானால் அதைச் சூடு என்று தள்ளிவிடக் கூடாது.

அளம் தொழிற்சாலை அல்ல, திறந்தவெளி நிலம் என்னும் சாக்கு 1961ஆம் ஆண்டிலேயே செல்லாததாகிவிட்டது. ஆர்தேசிர் பிவாண்டிவாலா வழக்கில் உப்பு விளைவிப்பதும் உற்பத்தியே, அந்நிலமும் தொழிற்சாலையே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத்தொகுப்பும், 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் குடிநீர், கழிப்பறை, கழுவும் வசதி ஆகியவற்றை வேலையளிப்பவரின் கடமையாகவே வைக்கிறது. பணி நியமனக் கடிதம் தருவதும் அவர் கடமை. அக்கடிதத்தைக் கேட்டு வாங்காதவர், பின்னர் தாம் அங்கு வேலை செய்ததையே நிறுவ இயலாமல் தவிப்பார்.

இவ்வசதிகள் மறுக்கப்பட்டால் புகார் தரலாம்; ஆனால் வாய்மொழிப் புகாருக்கு அலுவலகத்தில் தடயம் இல்லை. மனு எழுத்தில் இருக்க வேண்டும். அதில் அளத்தின் பெயர், அது அமைந்துள்ள கிராமம், உரிமையாளர் அல்லது குத்தகைதாரர் பெயர், ஆண் பெண் தொழிலாளர் எண்ணிக்கை, குடிநீர் கிடைக்கும் இடத்தின் தொலைவு, கழிப்பறை உண்டா என்னும் விவரம் இடம்பெறுவதோடு, ஒருவர் மட்டுமல்லாமல் பலர் கையெழுத்திட வேண்டும். மனுவின் ஒரு நகல் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலருக்கும், மற்றொரு நகல் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியருக்கும் சேர வேண்டும்; 10 பேருக்குக் குறைவான சிறு அளமாயின் ஆட்சியரிடம் தருவதே வழி. ஒப்புகைச் சீட்டு பெறாமல் திரும்பக் கூடாது. தொழிலாளர் துறைக்குப் போ, இயக்ககத்துக்குப் போ என்று மனுவைப் பந்தாடும் அலுவலர்களின் பழக்கத்துக்கு, அந்தச் சீட்டில் உள்ள எண்ணே தடை. நடவடிக்கை இல்லையெனில் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன், ஆய்வு நடந்த நாள் எது, ஆய்வறிக்கையின் நகல் எங்கே என்று கேட்கலாம். 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். ஒப்புகைச் சீட்டு பெறாமல் திரும்பக் கூடாது என்பதை மீண்டும் வற்புறுத்த வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் சிகிச்சைக்குச் செல்பவர், புறநோயாளி சீட்டில் தம் தொழில் உப்பளவேலை என்று எழுதச் சொல்ல வேண்டும். 'கூலி' என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டால் நோய்க்கும் பாத்திக்கும் உள்ள தொடர்பு ஆவணத்தில் இல்லாமலே போகும். உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர், 18 முதல் 60 வயதுக்கு உட்பட்டவராயின், ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், பணிச் சான்று ஆகியவற்றுடன் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தை அணுக வேண்டும். உப்பு விளையாத மழை மாதங்களுக்கான 5,000 ரூபாய் நிவாரணம் பெறுவதற்கும் இப்பதிவு தேவை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்து, அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் வழங்க வழிசெய்துள்ளது. இறப்பின் காரணம் உரிய அலுவலரால் சான்றளிக்கப்பட்டால்தான் அத்தொகை கிடைக்கும் என்பதால், வேலையிடத்தில் மயங்கி விழுந்து இறந்தவரைக் காவல் நிலையத்தில் தெரிவிக்காமலும் உடற்கூறாய்வு செய்யாமலும் அடக்கம் செய்துவிடக் கூடாது.