கல் கோட்டையைக் கட்டியது யார்?

நூறு ஆண்டு நடந்த வழக்கு!

கருங்கல் சுவர். உயரம் 36 அடி. சுற்றளவு 820 அடி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. வெறும் கல்லை அடுக்கியே கட்டியிருக்கிறார்கள். பல நூறு ஆண்டுகள் ஆகியும் சுவர் கம்பீரமாக நிற்கிறது!

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், ஜிம்பாப்வே நாட்டில், மாஸ்விங்கோ நகருக்கு அருகே இது இருக்கிறது. "பெரிய ஜிம்பாப்வே" என்று பெயர்.

இதைக் கட்டியது யார்? இந்த ஒரு கேள்விக்காக நூறு ஆண்டுகளுக்கு மேல் சண்டை நடந்தது.

பென்சில் சொன்ன கதை

1871-ம் ஆண்டு கார்ல் மவுக் என்ற ஜெர்மானியர் அங்கே போனார். ஒரு வாசலின் மேலே மர உத்திரம் இருந்தது. அதில் ஒரு சிராய் எடுத்தார். தன் பென்சிலின் மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்று போலவே இருந்தன!

"பென்சில் தேவதாரு மரத்தில் செய்தது. அப்படியானால் இதுவும் தேவதாருதான். தேவதாரு லெபனான் நாட்டு மரம். ஆகவே, சாலமோன் மன்னரைக் காணப்போன சேபா நாட்டு ராணியின் அரண்மனை இது!" என்று அவர் முடிவு கட்டினார்.

ஒரு பென்சிலை வைத்து ஒரு ராணியையே கண்டுபிடித்துவிட்டார்! உண்மையில் அது உள்ளூர் மரம்.

கதையின் லாபம்

1890-ம் ஆண்டு செசில் ரோட்ஸ் என்ற வெள்ளைக்காரரின் கம்பெனி இந்த நாட்டுக்குள் புகுந்தது. பிறகு அவர் பெயராலேயே நாடு "ரொடீஷியா" ஆயிற்று.

ராணி கதை புதிய எஜமானர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. காரணம் இருந்தது. "இங்குள்ள கறுப்பர்களுக்குக் கோட்டை கட்டத் தெரியாது. முன்பும் வெளியாரே வந்து ஆண்டார்கள். இப்போது நாம் ஆள்கிறோம். இதில் என்ன தவறு?" என்று கேட்கலாம் அல்லவா?

1902-ம் ஆண்டு ரிச்சர்டு ஹால் என்பவரை அங்கே பொறுப்பாளராகப் போட்டார்கள். அவர் "குப்பை" என்று சொல்லி, பல அடி ஆழத்துக்கு மண்ணை வாரி வெளியே கொட்டினார். அந்த மண்ணில்தான் அங்கே வாழ்ந்தவர்களின் பானை ஓடுகளும் மற்றச் சாமான்களும் இருந்தன. வழக்கின் சாட்சியே குப்பையாகப் போயிற்று!

மூன்று பெண்கள்

1905-ம் ஆண்டு ராண்டல் மெக்கைவர் என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். "இதைக் கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே" என்றார். வெள்ளைக்காரக் குடியேறிகள் கொதித்தார்கள்.

1929-ம் ஆண்டு கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் என்ற ஆங்கிலப் பெண்மணி, இரண்டு பெண்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். ஹாலின் மண்வெட்டி படாத இடங்களாகப் பார்த்துத் தோண்டினார். கூம்புக் கோபுரத்தின் அடியில் சுரங்கமும் போட்டார்.

ராணியும் கிடைக்கவில்லை, புதையலும் கிடைக்கவில்லை. உள்ளூர் மக்களின் பானை ஓடுகள் கிடைத்தன. தொடங்கியது முதல் முடிந்தது வரை இது ஆப்பிரிக்கர்களின் வேலை என்று அவர் அடித்துச் சொன்னார்.

உண்மையில் நடந்தது என்ன?

இன்றைய ஷோனா மக்களின் முன்னோர்களே இதைக் கட்டினார்கள். சுமார் 11-ம் நூற்றாண்டு முதல் 15-ம் நூற்றாண்டு வரை இது ஒரு ராஜ்யத்தின் தலைநகர்.

அந்தப் பக்கத்துப் பாறைகள் பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் தகடு தகடாகப் பிளக்கும். அந்தக் கல்லைச் செதுக்கி அடுக்கினார்கள்.

மாடுகளே அவர்கள் செல்வம். தங்கமும் யானைத் தந்தமும் இந்துமாக் கடல் துறைமுகங்களுக்குப் போயின. சீனத்துப் பீங்கானும் கண்ணாடி மணிகளும் வந்தன. வெளியார் சரக்கு கிடைத்ததால் கட்டியவரும் வெளியார் ஆகிவிடுவாரா?

வாய்ப்பூட்டு

ஆராய்ச்சி முடிந்தும் சண்டை ஓயவில்லை. 1965-ம் ஆண்டு ரொடீஷியாவின் வெள்ளையர் சர்க்கார், பிரிட்டனிடமிருந்து தானாகவே பிரிந்துகொண்டது. "ஆப்பிரிக்கர் கட்டியது" என்று எழுதாதபடி வழிகாட்டிப் புத்தகங்களுக்கும் நெருக்கடி வந்தது. நினைவுச் சின்னங்களின் அதிகாரியாக இருந்த பீட்டர் கார்லேக், 1970-ம் ஆண்டு நாட்டைவிட்டே போக நேர்ந்தது.

ஆனால் சுதந்திரத்துக்குப் போராடிய மக்கள் தங்கள் வருங்கால நாட்டுக்கு அந்தக் கோட்டையின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஷோனா மொழியில் "கல் வீடுகள்" என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 1980-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி "ஜிம்பாப்வே" சுதந்திரம் பெற்றது.

திரும்பி வந்த பறவை

கோட்டையில் மாக்கல்லில் செதுக்கிய பறவைகள் இருந்தன. நம் வீட்டுக் கல்சட்டியைப் போல மெதுவான கல். அவற்றைப் பலர் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஒரு பறவையின் அடிப்பாகம் ஜெர்மனி வரை போய்ச் சேர்ந்தது. 2003-ம் ஆண்டு அது தாய்நாடு திரும்பி, தன் மேல்பாகத்தோடு சேர்ந்தது.

ஜிம்பாப்வேயின் தேசியக் கொடியில் இன்று அந்தப் பறவை இருக்கிறது. கொடியைப் பார்க்கும் ஒவ்வொரு குழந்தையும், "இது என் பாட்டன் செதுக்கியது" என்று சொல்லலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குத்தான் நூறு ஆண்டுகள் ஆயின!