கடை திறந்ததும் முதலில் திகதியைப் பாருங்கள்



2022ஆம் ஆண்டு நடுப்பகுதியில் எமது ஹாட்வெயார் கடைக்குக் கொந்தராத்துக்காரர் ஒருவர் கடன் பில்லொன்றைக் கொண்டுவந்தார். “ஹாஜியார், 2015இல் நான் உங்களிடம் கடனே எடுத்ததில்லையே?” என்றார். வாங்கிப் பார்த்தேன். போன மாதம் கொடுத்த சீமெந்துக்கான பில்லில் 2015 ஜனவரி முதலாம் திகதி என்று அச்சாகியிருந்தது.

கணக்கைத் திறந்து பார்த்தால் அதுபோல இன்னும் பல பில்கள். எல்லாம் காலையில் கடை திறந்ததும் போட்ட முதல் மூன்று, நான்கு பில்கள். மறுநாள் நேரத்தோடு போய் ஒரு பக்கமாக நின்று கவனித்தேன். காசாளர் தம்பி கணினியின் திகதியைத் தன் கையாலேயே மாற்றிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே கடுமையாகப் பேசிவிட்டேன். “இல்லை முதலாளி, ஒவ்வொரு நாளும் பிழையான திகதிதான் வருகிறது. நான் அதைச் சரியாக்குகிறேன்” என்றார். நான் நம்பவில்லை.

கணினி திருத்துபவர் வந்து பார்த்தார். பில்களின் தொடர் இலக்கத்தில் ஒன்றாவது விடுபட்டிருக்கவில்லை. லாச்சியில் இருந்த காசும் கணக்கும் பொருந்தின. குற்றம் தம்பியிடம் இல்லை, கணினிக்குள் இருந்த ஒரு சிறிய பற்றறியில். பேசியதும் பலர் முன்னிலையில் என்பதால் மன்னிப்பும் பலர் முன்னிலையிலேயே கேட்டேன். எனக்கு நேர்ந்த இந்தத் தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

கணினிக்கு நேரம் எங்கிருந்து வருகிறது?

நாம் கையில் கடிகாரம் கட்டியிருக்கிறோம். நோன்பு காலத்தில் வானொலி முஸ்லிம் சேவையில் மஃரிப் அதான் ஒலிக்கும்போது அது சரியா என்று பார்த்துக்கொள்கிறோம். கணினியும் அப்படித்தான். அதன் மதர்போர்டில் ஒரு கடிகாரம் உண்டு. மின்சாரம் இல்லாத நேரத்தில் அதை ஓட வைப்பது ஒரு ரூபா நாணயம் போன்ற வட்டமான 3 வோல்ட் பற்றறி. பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது சீஆர் 2032 என்ற இலக்கமுடையது. கணினியைப் போட்டவுடன் விண்டோஸ் இந்தக் கடிகாரத்தைத்தான் முதலில் பார்க்கிறது. அதன் பிறகு இன்டர்நெட் இருந்தால், நேரம் சொல்லும் சேர்வர் ஒன்றிடம் கேட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இவ்வாறு கேட்கும் முறையை அமெரிக்காவின் டெலவெயார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மில்ஸ் என்பவர் 1980களில் வகுத்தார். உலகம் முழுவதும் இன்றும் அதுதான் பாவனையில் உள்ளது.

ஆகவே காலையில் திகதியோ நேரமோ பிழைத்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பற்றறி

ஒவ்வொரு காலையும் திகதி பல வருடங்கள் பின்னே போய் நின்றால் சந்தேகமே வேண்டாம், பற்றறி முடிந்துவிட்டது. மின்சார இணைப்பு இருக்கும் வரை, கணினியை நிறுத்தியிருந்தாலும் அந்தக் கடிகாரத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ஆனால் நாமோ இரவில் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டே ஷட்டரை இழுக்கிறோம். தீ விபத்துப் பயத்துக்கு அது நல்ல பழக்கம், அதை விட வேண்டாம். ஆனால் அந்த இரவுகள் முழுவதும் சுமை பற்றறியின் மேல்தான். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, பழசாகிப்போயிருந்த எமது பற்றறி அதோடு முடிந்தது.

புதியதன் விலை அற்பம். வயரைக் கழற்றிவிட்டு, தெரிந்த ஒருவரைக் கொண்டு மாற்றுங்கள். மாற்றியதும் கணினி ஆரம்பிக்கும்போது வரும் பயொஸ் பக்கத்தில் திகதியைச் சரியாக வைக்க வேண்டும். பழைய பற்றறியைப் பிள்ளைகள் கையில் அகப்பட விடாதீர்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, இன்டர்நெட் பிந்துவது

திகதி சரி, நேரம் மட்டும் சில நிமிடங்கள் பிழை என்றால் இது காரணமாக இருக்கலாம். மெயினைப் போட்டதும் கணினி விரைவாக எழும்பிவிடும். ரவுட்டர் இணைப்பைப் பிடிக்க இன்னும் இரண்டு மூன்று நிமிடமாகும். அதற்கிடையில் விண்டோஸ் நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் வராமல் விட்டுவிடும். பில் புரோகிராமும் திறந்துவிடும். ரவுட்டரை முதலில் போட்டு, அதன் விளக்கு நிலைத்த பிறகு கணினியைப் போடுவதே இலகுவான வழி. அதற்குப் பிறகும் சரிவராவிட்டால், விண்டோஸ் டைம் என்ற சேவை நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தாமதமாகத் தானே ஆரம்பிக்கும்படி வைக்கலாம்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் விண்டோஸ் சேர்வர் சொல்வதை ஏற்காது. சாதாரண கணினியில் இந்த எல்லை பெரும்பாலும் 15 மணித்தியாலம். பற்றறி செத்து 2015க்குப் போன கணினி, இன்டர்நெட் வந்தும் தானாகத் திருந்தாததற்கு இதுதான் காரணம். முதலில் கையால் ஏறத்தாழச் சரியான திகதியை வைத்துவிட்டு, பிறகு நேரப் பக்கத்தில் ‘சிங்க் நவ்’ பொத்தானை அழுத்த வேண்டும். திகதி பிழைத்த கணினியில் வங்கியின் இணையப் பக்கமும் திறக்க மறுக்கும். அந்தப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் ஆரம்பத் திகதி, முடிவுத் திகதி உண்டு. அப்போது வங்கியைக் குறை சொல்லி வேலையில்லை.

மூன்றாவது, நேர வலயம்

நிமிடம் சரி, ஆனால் அரை மணித்தியாலமோ பல மணித்தியாலங்களோ வித்தியாசம் என்றால் நேர வலயம் பிழை. 1996 மே மாதத்தில் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே வைத்தோம். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வைத்தோம். 2006 ஏப்ரலில் மீண்டும் அரை மணித்தியாலம் பின்னே வைத்துப் பழைய ஐந்தரைக்கே வந்தோம். மிகப் பழைய விண்டோஸ் ஓடும் கணினிகள் இன்னும் அந்த ஆறு மணித்தியாலக் கணக்கிலேயே இருக்கக்கூடும். சேர்வர் சொல்வது உலகப் பொது நேரத்தை மட்டுமே. அதோடு எத்தனை மணித்தியாலம் கூட்டுவது என்பது உங்கள் கணினியின் வேலை. ஆகவே எத்தனை முறை ‘சிங்க்’ செய்தாலும் இந்தப் பிழை போகாது. பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர, ஐந்தரை என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

பிழையான பில்களை என்ன செய்வது?

அழித்துவிட்டுப் புதிதாக எழுத நினைக்காதீர்கள். இலக்கம் விடுபட்டால் அதுவே சந்தேகத்துக்கு இடமாகிவிடும். 2002ஆம் ஆண்டின் பெறுமதி சேர் வரிச் சட்டப்படி வரிப் பில்லில் திகதியும் தொடர் இலக்கமும் இருக்க வேண்டும். பிழைத்த பில்களின் இலக்கங்கள், உண்மையான திகதி, காரணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு உங்கள் கணக்காளரிடம் கொடுங்கள். கடன் வாடிக்கையாளருக்கும் அறிவித்துவிடுங்கள். அந்தக் கொந்தராத்துக்காரரும் நானும் அப்படித்தான் பில்லைச் சரிசெய்துகொண்டோம்.

குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகராவின் 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதிவைப்பது பற்றியது. அந்தத் தவணை எங்கிருந்து தொடங்குகிறது என்பதைச் சொல்வது பில்லில் உள்ள திகதிதான். அதனால் எமது கடையில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் பில் போடும் முன் காசாளர் கணினியின் திகதியையும் நேரத்தையும் கைத்தொலைபேசியோடு ஒத்துப்பார்ப்பார். பிழையென்றால் திருத்துவதோடு நின்றுவிடாமல் என்னிடம் சொல்லவும் வேண்டும். சொன்னால் நான் கேட்கவும் வேண்டும்.